துணியில் இரண்டு பெயர்கள்

ஆகஸ்ட் 25, ஒந்தாங்வா

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். விடுதலைப் போரில் செத்தவர்களை நினைக்கும் நாளைய தியாகிகள் நாளுக்கான மேடைத் துணியில், ‘தோழர் ஒன்ஜாம்பா’ என்ற இயக்கப் பெயருக்குக் கீழே மாமாவின் சொந்தப் பெயரையும் எழுதிவிட்டேன். கட்சிக் கிளைச் செயலாளர் ஹவுஃபிகு சாயங்காலம் அதைப் பார்த்தார். பேசியதைப் பேசியபடி எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார் மாலை வகுப்பு ஆசிரியர். நினைவிலிருந்து எழுதுகிறேன், ஒன்றிரண்டு சொற்கள் மாறியிருக்கலாம்.

— ‘எலியாசர் ஷிவுதே’ன்னு யார் எழுதினது, சைமா?

— நான்தான், தோழரே. ஒன்ஜாம்பாவோட சொந்தப் பெயர். எங்க அம்மாவோட அண்ணன்.

— அம்மாவுக்கு யார் சொன்னா?

— போன கிறிஸ்துமஸுக்கு அங்கோலாவுல இருந்து வந்த பழைய போராளி ஒருத்தர். வருஷா வருஷம் நீங்க மைக்குல ‘ஒன்ஜாம்பா’ன்னு கூப்பிடுவீங்க, கூட்டம் கையை உயர்த்தும். அம்மாவும் உயர்த்துவாங்க. சொந்த அண்ணன்னு தெரியாமலே.

— சரி, விடு. போர்க்காலத்துல அங்கோலா முகாம்ல யாரோட சொந்தப் பெயரையும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டா உளவாளிம்பாங்க.

— இப்ப நாமதானே ஆளுறோம். இப்பவும் கேட்கக் கூடாதா?

— வாய் நீண்டுடுச்சு உனக்கு. மாலை வகுப்புல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?

— அங்கே கணக்கும் சொல்லித் தர்றாங்க. அதுல நான் மட்டம்.

— கேளு, பொண்ணே. பாலத்தைத் தகர்த்த ஒன்ஜாம்பா தியாகி. எலியாசர் ஷிவுதே எதிரிக்கு ஆள்காட்டினான்னு இயக்கமே பிடிச்சு முகாம் சிறைக்குழியில போட்ட ஆள். ரெண்டு பெயரும் ஒரே துணியில இருந்தா அமைச்சர் மேடை ஏற மாட்டார்.

— ரெண்டும் ஒரே ஆள்தானே?

— ஆமா.

— தெரிஞ்சேவா இத்தனை வருஷம் கூப்பிட்டீங்க?

— பிடிச்சதும் இயக்கப் பெயரைத்தான் முதல்ல பறிப்பாங்க. ‘அது போராளியோடது, உனக்கில்லை’ம்பாங்க. பெயர் வெளியில தியாகியா நின்னுடுச்சு. ஆள் குழியிலேயே செத்தான்.

— அம்மா நாளைக்குத் தெருப் பொம்பளைங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு வர்றாங்க. ‘எலியாசர்’னு ஒரே ஒரு தடவை மைக்குல கேட்டாப் போதுமாம். ஆடு வேற அடிச்சிருக்காங்க.

— வரட்டும். நான் ‘ஒன்ஜாம்பா’ன்னு கூப்பிடறேன். கையை உயர்த்திட்டுப் போகட்டும்.

— அவர் உளவாளியா, தோழரே?

— இல்லை.

— எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?

— துணியை மடிச்சு வை. புழுதி படியும்.

— தோழரே, பழைய போராளிங்க எல்லாரையும் இயக்கப் பெயராலதான் கூப்பிடறாங்க. உங்களை மட்டும் ஹவுஃபிகுன்னே கூப்பிடறாங்க. உங்களுக்கு இயக்கப் பெயர் இல்லையா?

— இருந்துச்சு.

— என்ன ஆச்சு?

— பறிச்சுக்கிட்டாங்க. உன் மாமாவோட அதே குழியில நானும் கிடந்தேன்.

— அப்புறமும் இதே கட்சியிலா?

— வேற எங்கே போறது? பதினாறு வயசுல வந்தவன். இது ஒண்ணுதான் தெரியும்.

— அப்ப துணியை என்ன பண்றது?

— காலையில ஆறு மணிக்கு வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் கொண்டு வா. எலியாசரை நானே அழிக்கிறேன். நீ அமைச்சரோட நாற்காலியைத் துடை.