இடது ஷாஃப்ட்டில் இருந்த மூன்று புள்ளிகள்

எனக்கு வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். வயதைக் கருதி என் பெயரையும் வீட்டு எண்ணையும் தனித்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான் ஆகிய மூவர் இருக்கிறோம். அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், திரும்பி வர இன்னும் நான்கு மாதம் ஆகும். சித்தப்பா ஏ.சி. மெக்கானிக். இந்த வாக்குமூலத்தை விசாரணை அதிகாரி எழுதுவதாக இருந்தது. நான் கேட்டுக்கொண்டதால் என் கையாலேயே எழுத அனுமதித்தார். அம்மா பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்.

எங்கள் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் சித்தப்பா ஒரு பழைய காரை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். அதன் பின்பக்கத்துக்கு அகலமான டயர் வாங்கினார். மாட்டிப் பார்த்தபோது டயர் இரண்டு பக்கமும் பாடித் தகரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சக்கரங்களை உள்ளே தள்ளுவதற்காகப் பின் அச்சையே ஒரு பக்கத்துக்கு ஆறு சென்டிமீட்டர் குறுக்குவது என்று முடிவு செய்தார். அளவுகளைக் குறித்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார். நான் எதையும் மூன்று முறை அளந்துதான் எழுதுவேன் என்பதால் என்னை ஹெட்மாஸ்டரம்மா என்று கூப்பிடுவார். இதற்காகவே கோடு போடாத நோட்டு ஒன்றைத் தனியாக வைத்திருந்தேன்.

விபத்துக்கு முந்தைய வாரம் சனிக்கிழமை அச்சைக் கழற்றி இரண்டு ஸ்டாண்டின் மேல் வைத்து எண்ணெயை வடித்தோம். அதன் பிறகு உள்ளே இருக்கும் இரண்டு ஷாஃப்ட்டுகளையும் உருவி எடுத்தோம். சக்கரத்தைச் சுழற்றுவது இந்த ஷாஃப்ட்தான், பக்கத்துக்கு ஒன்று. அதன் பிறகு வெளிக்குழாயின் இரு முனைகளையும் சித்தப்பா கிரைண்டரால் அறுத்து, ஆறு சென்டிமீட்டர் துண்டை நீக்கி, முனைகள் கோணாமல் இருக்க நேரான கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்தார். ஒவ்வொரு முறையும் குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும் வரை காத்திருந்தார். குழாய் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அதை எழுதாமல் விட்டால் சித்தப்பாவுக்கு நியாயம் செய்ததாகாது.

குழாய் குறைந்தால் ஷாஃப்ட்டும் குறைய வேண்டும். ஷாஃப்ட்டின் உள்முனையில் சுற்றிலும் பற்கள் உண்டு. முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் பல் வெட்ட வேண்டும். அது வீட்டில் நடக்காத காரியம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஷாஃப்ட்டையும் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரரை எல்லோரும் மூணுபுள்ளிக்காரர் என்பார்கள். தான் செய்து முடித்துச் சரிபார்த்த பொருளில் மட்டும் கூரான பஞ்ச் உளியால் முக்கோணமாக மூன்று புள்ளி வைப்பது அவர் வழக்கம். புள்ளி இல்லாத வேலைக்கு அவர் பொறுப்பில்லை என்பது இங்கே எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும்.

புதன்கிழமை மாலை நான் பள்ளி விட்டு வந்ததும் சித்தப்பாவோடு பட்டறைக்குப் போனேன். வலது ஷாஃப்ட் முடிந்து, சக்கரம் மாட்டும் தட்டில் மூன்று புள்ளிகளோடு இருந்தது. இடதை அவர் தொடவே இல்லை. அதன் பற்கள் லேசாக முறுக்கிக்கொண்டிருந்ததை எனக்கும் காட்டினார்.

"இரும்பு சோர்ந்து போச்சு. இதுல நான் கை வைக்க மாட்டேன். வேற ஒண்ணு கொண்டா, ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்" என்றார்.

பழைய இரும்புக் கடைகளில் எல்லாம் தேடிவிட்டதாகவும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகவும் சித்தப்பா சொன்னார். கார் ஒரு வாரம் நின்றால் நிற்கட்டுமே, அது என்ன சாப்பாடா கேட்கிறது என்று பட்டறைக்காரர் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. இரண்டு ஷாஃப்ட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வியாழக்கிழமை மாலை சித்தப்பா ஷெட்டின் கதவை உள்ளே சாத்திக்கொண்டு இடது ஷாஃப்ட்டை நடுவில் அறுத்தார். அதற்கு முன்பு வேலை செய்யும்போது அவர் கதவைச் சாத்தியதில்லை. பல் இருக்கும் முனையைத் தொடாமல் நடுவில் ஆறு சென்டிமீட்டர் எடுத்துவிட்டு, வெட்டிய இரு முனைகளையும் பென்சில் சீவுவதுபோலச் சீவி, எதிரெதிரே வைத்து, அடுக்கடுக்காக வெல்டிங் போட்டு நிரப்பினார். குழாய்க்குக் காத்திருந்ததுபோல இதற்குக் காத்திருக்கவில்லை. சிவப்பு முழுவதும் அடங்குவதற்குள் ஈரச்சாக்கைச் சுற்றினார். அதன் பிறகு மேடு தெரியாமல் கிரைண்டரால் இழைத்துக் கருப்புப் பெயின்ட் அடித்தார். காய்ந்த பிறகு நான் விரலை ஓட்டிப் பார்த்தேன். இணைப்பு எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியவில்லை. எனக்கு அது மிகவும் அழகாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

இரண்டு ஷாஃப்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். வலதில் மூன்று புள்ளி இருந்தது, இடதில் இல்லை. ஒன்றுபோல இருக்க வேண்டியவை வேறுவேறாக இருந்தால் எனக்கு உறுத்தும். இதிலும் வைக்கட்டுமா என்று நான்தான் கேட்டேன். சித்தப்பா சிறிது நேரம் என்னைப் பார்த்தார். அதன் பிறகு சுத்தியலையும் பஞ்ச் உளியையும் எடுத்துக் கொடுத்தார்.

"வையி, வையி. ஜோடியா இருக்கட்டும்" என்றார்.

நான் வைத்தேன். மூன்றாவது புள்ளியில் கை வழுக்கியதால் இரண்டாவது தடவை அடிக்க வேண்டியதாயிற்று. ஆகவே அந்தப் புள்ளி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எள் வடிவத்தில் இருக்கும். மூணுபுள்ளிக்காரர் வைத்தவை மூன்றும் உருண்டையானவை. உடைந்த ஷாஃப்ட்டின் தட்டு உங்களிடம் இருப்பதால் இதை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். யாரையும் ஏமாற்றுவதற்காக நான் அதை வைக்கவில்லை. சித்தப்பா அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்று அதிகாரி சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பள்ளி நூலகத்தில் உலோகங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தேன். கெட்டிப்படுத்திய இரும்பில் வெல்டிங் வைத்துச் சட்டென்று குளிரவைத்தால், வெல்டிங்கை ஒட்டிய இடம் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மையை அடையும் என்று அதில் இருந்தது. மாலையில் அந்தப் பக்கத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன்.

"புக்கு எழுதுனவன் என்னைக்காவது வெல்டிங் ராடு புடிச்சிருக்கானா, ஹெட்மாஸ்டரம்மா?" என்றார்.

நான் மேலும் வற்புறுத்தவில்லை. அன்று இரவு அம்மாவிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை அச்சை மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு மைதானத்துக்குப் புறப்பட்டோம். நான் முன்னிருக்கையில் இடது பக்கம் இருந்தேன். வாசலில் காரை நகர்த்தியபோது பின்னால் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. புது அச்சு பழகும் வரை அப்படித்தான் என்று சித்தப்பா சொன்னார். தெருமுனையில் நின்று கிளம்பியபோது இரண்டாவது முறை கேட்டது. அதன் பிறகு கடைவீதிச் சரிவில் இறங்கினோம். சரிவின் பாதியில் சித்தப்பா எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிவிட்டு வேகத்தைக் கூட்டினார். அப்போது காரின் பின்பக்கம் இடது புறமாகச் சாய்ந்து தரையில் உரசியது. என் ஜன்னலை ஒட்டி ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு உருண்டு போனது. அதன் நடுவில் கருப்புக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டு சுற்றியது. அது எங்கள் சக்கரம் என்று எனக்கு உடனே புரியவில்லை. யாருடைய சக்கரம் என்று சித்தப்பாவிடம் கேட்கத் திரும்பினேன்.

சரிவின் கீழே மருந்துக்கடைக்காரர் தன் கடை ஷட்டரைத் தூக்குவதற்காகக் குனிந்திருந்தார். அவர் முதுகு தெருவைப் பார்த்து இருந்தது. நான் கத்தினேன், ஆனால் என் பக்கத்துக் கண்ணாடி ஏற்றியிருந்தது. சக்கரம் அவர் மேல் மோதியது. பாதி திறந்த ஷட்டர் கீழே விழும் சத்தத்தைக் கேட்டேன். இன்று எட்டாவது நாள். அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்று அம்மா சொன்னார்.

அன்றைக்கே காவலர்கள் சக்கரத்தை எடுத்துப் பார்த்தார்கள். சித்தப்பா அவர்களிடம் ஷாஃப்ட் தட்டைக் காட்டி, மூன்று புள்ளி இருக்கிறது பாருங்கள், இரண்டையும் செய்தது பட்டறைதான் என்றார். நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூணுபுள்ளிக்காரரை அழைத்துப்போய்ப் பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். இன்றுவரை அவர் உள்ளேதான் இருக்கிறார்.

புதன்கிழமை என் நோட்டு மேஜை மேல் வேறு இடத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது, விபத்துக்கு முந்தைய வியாழக்கிழமை இடது ஷாஃப்ட்டைப் பற்றி எழுதிய இரண்டு தாள்கள் இல்லை. ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்திருந்தது. நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை மூணுபுள்ளிக்காரரின் மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அந்த இடதுபக்கக் கம்பிய அவரு தொடவே இல்லங்கறாரு. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. உங்க வீட்ல யாருக்காவது ஏதாவது தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

அம்மா தெரியாது என்றார். அம்மாவுக்கு அப்போது உண்மையாகவே தெரியாது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அவர் போன பிறகு எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே துணி மடித்தார். மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தார். அது சித்தப்பாவின் சட்டை.

என்னைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று நேற்று தகவல் வந்தது. இன்று காலை சாப்பிடும்போது சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. என் தட்டில் அவரே பரிமாறினார்.

"புள்ளியப் பத்திக் கேட்டா, பட்டறையிலிருந்து வரும்போதே இருந்துச்சுன்னு சொல்லு. அவ்வளவுதான். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். அதன் பிறகு, "நான் உள்ள போயிட்டா, உங்கப்பா வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தனியாத்தான் இருக்கணும். யோசிச்சுக்கோ. புள்ளி வெச்ச கை யாரோடதுன்னும் யோசிச்சுக்கோ" என்றார்.

அம்மா அடுப்பங்கரையில் இருந்தார். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, சித்தப்பா பேசி முடிக்கும் வரை அப்படியே நின்றார். அதன் பிறகு மூவரும் சித்தப்பாவின் வேலை வேனில் இங்கே வந்தோம்.

இதுவரை எழுதியதை அதிகாரி வாங்கிப் படித்தார். புள்ளியை வைக்கும்படி யாராவது சொன்னார்களா என்று திரும்பவும் கேட்டார். நானாகக் கேட்டு நானே வைத்தேன் என்று சொன்னேன். மூணுபுள்ளிக்காரர் இன்றைக்கே வீட்டுக்குப் போவாரா என்று நான் கேட்டதற்கு, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்றார். அதன் பிறகு அம்மாவைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். சித்தப்பா எங்களைத் திரும்ப அழைத்துப்போக வெளியே காத்திருக்கிறார். வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த ஜன்னலையே பார்த்தபடி நிற்கிறார். அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டு, இந்தக் கட்டடத்துக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை, கையால் செய்தவை மட்டுமே. எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் எழுதவில்லை. முழுவதையும் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்து, திருத்தம் இல்லை என்று உறுதிசெய்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சாட்சி, வயது 14

உடனிருந்து முழுவதும் கேட்டேன். ஆட்சேபம் இல்லை.
(ஒப்பம்) சாட்சியின் தாய்