நாயனமும் ஆர்கனும்

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறிய பஸ் வடகவுஞ்சியில் சூடாகி நின்றது. எனக்கு முன்சீட்டில் ஒரு நாயனக்காரர், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஒரு மாஸ்டர், நடுவில் பெண்ணைப் பெற்றவர். மறுநாள் கல்யாணத்தில் இருவரும் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு.

"வித்வான், உங்க நாயனத்துல பாதி சுரம் தப்பு. ஆர்கன்ல தேடிப் பாத்தேன், அதுக்கு அமுக்குற கட்டையே இல்ல."

"கட்டை இல்லேன்னா சுரம் இல்லையா? ரெண்டு கட்டைக்கு நடுவுலதான் மாஸ்டர் ராகமே கெடக்கு."

"உலகமே பன்னெண்டு சுரம் போதும்னு ஒத்துக்கிட்டிருக்கு."

"சமமா வெட்டி வச்ச பன்னெண்டு! அதுல ஒண்ணாச்சும் தம்பூராவோட ஒழுங்கா சேருமா? எங்க தோடியில காந்தாரம் அசையும். உங்க பெட்டியில அது செத்த எலி மாதிரி கெடக்கும்."

"வீம்பு வேணாம். நாயனத்தோட கீழ் ஓட்டையில கொஞ்சம் மெழுகு அடைச்சு எங்க சுருதிக்கு வாங்க."

"அந்த மெழுக உங்க காதுல அடைச்சுக்கங்க."

பெண்ணைப் பெற்றவர் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீக. போன வாரம் உங்க ஒத்திகை கேட்டுட்டு அன்னிக்கே ரேடியோ செட்டுக்காரன்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாளைக்கு ரெக்கார்டுதான்."

இருவரும் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள்.

"கொடைக்கானல் கரண்டுல ரெக்கார்டா? வோல்டேஜ் எறங்குனா தட்டு மெதுவா சுத்தி பாட்டு இழுக்குமே! ஒரு சுரமும் எடத்துல நிக்காதுங்களே!"

"இழுக்கட்டும். ஒத்திகையில நீங்க ரெண்டு பேரும் சேந்து வாசிச்சதும் அப்படித்தான் இருந்துச்சு."