வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய நாய்

– சும்மா தலையச் சொறியாத. காலையில அந்த நாய்க்குச் சோறு வச்சியா இல்லையா?

– தெரியலக்கா. சத்தியமா தெரியல.

– ஆபரேஷன் பண்ற நாய் வெறும் வயித்துல இருக்கணும்னு கூண்டு கழுவுற உனக்குத் தெரியாதா? மயக்கத்துல வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள்ள போய், என் கையிலயே செத்துச்சுடா.

– பட்டினி போடணும்னு தெரியும். வச்சேனான்னுதான் தெரியல. கூண்டு கழுவுனது ஞாபகம் இருக்கு. அது இன்னிக்கா நேத்தான்னு கேட்டா...

– நேத்தும் இழுத்தியா?

– கொஞ்சம்.

– கெட்டமின். நான் பூனைக்கு மயக்கம் வர ஊசியில போடுறத நீ மூக்குல இழுக்குற.

– ஆஸ்பத்திரி அலமாரியத் தொட்டதே இல்லக்கா. அது கூட்டாளிங்க கொண்டுவர்றது.

– ஆமா, பெரிய அரிச்சந்திரன். அம்மா பல்லு புடுங்குனத உன்கிட்ட உக்காந்து சொல்றாங்க, மறுநாள் ‘ஏம்மா வாய் வீங்கியிருக்கு’ங்குற. அது மண்டையா, ஓட்டச் சட்டியா? அந்தக் கருமத்தால ஒண்ணுக்குப் போகவும் நிமிஷத்துக்கு ஒருக்கா ஓடுற.

– விட்டுட்டா சரியாயிருமாக்கா?

– விட்டா இனிமே நடக்குறது கொஞ்சம் கொஞ்சமாத் தங்கும். மண்டையில ஏறவே ஏறாதது எங்கேருந்து திரும்ப வரும்?

– அப்ப நான் என்னதான் பண்றது?

– பெரிய டாக்டர் ரூம்ல நாய்க்காரர் உக்காந்திருக்கார். யாரும் வாயத் தொறக்கலன்னா கத்தி புடிச்ச என் தலையிலதான் விடியும். நம்ம வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆள் நான். டாக்டர் லைசென்ஸ்ல கை வச்சாங்கன்னா நானும் உன்கூட கூண்டு கழுவ வேண்டியதுதான்.

– நான் வேணா வச்சேன்னு சொல்லிர்றேன்.

– அதென்ன ‘வேணா’? எனக்குப் பிச்சை போடுறியா? நீதான்டா வச்ச. பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, ரெண்டும் பழுப்பு, ஒரே ஈத்துக் குட்டிங்க. ஆபரேஷன் இல்லாததுக்கு வைக்கிறதா நெனச்சு இதுக்கு வச்சுட்ட.

– துருவிக் கேட்டாங்கன்னா? எதுல வச்சேன்?

– அலுமினியக் கிண்ணம். கறி போட்ட சோறு. உள்ள தள்ளுனதும் முன்னங்கால அதுக்குள்ளயே வச்சுருச்சு.

– ஆமா... சோறு கீழ கொட்டுச்சு. தரையில நக்கி நக்கித் தின்னுச்சு. அக்கா, வருதுக்கா! ‘மெதுவா தின்னுடா பிசாசே’ன்னு நான் சிரிச்சேன்கூட.

– பாத்தியா? போய் இத அப்படியே சொல்லு.

– வேலைய விட்டுத் தூக்கிருவாங்கல்ல?

– தூக்குவாங்க. உனக்கு வேற கூண்டு கிடைக்கும்.

– உனக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?

– ஆகாது. மூஞ்சியக் கழுவிட்டுப் போ.

– சரிக்கா. போயிட்டு வர்றேன்.

– ... ஹலோ, அம்மா? உள்ள போயிட்டான்மா. இல்ல, அழல. கட்டாயமெல்லாம் படுத்தல. நான் வச்ச சோறு அவனுக்கே ஞாபகம் வந்துருச்சு.