மயிரிழை பெருத்த முளை

காலித் தோட்டாவை மறுபடி நிரப்ப, அதன் கழுத்தை விரிக்கும் அச்சு வாங்கப் போனால் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் முளையைத்தான். சுட்டு முடித்த பித்தளை உறையின் வாய்க்குள் அது இறங்கி ஏறும்போது கழுத்து எவ்வளவு விரிகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அதில் செருகும் புதுக் குண்டு இறுகி நிற்கும். முளை மயிரிழை பெருத்தாலும் பிடி தளர்ந்துவிடும். குறி பழகும் மைதானத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுகிறவனுக்கு அது பரவாயில்லை. வேட்டைக்காரனுக்கு ஆகாது. ஒரு வெடியின் அதிர்விலேயே துப்பாக்கிக்குள் இருக்கும் மிச்சத் தோட்டாக்களில் குண்டு ஆட்டம் கண்டுவிடும். அடுத்ததை ஏற்றும்போது சாய்ந்து, மருந்து சிந்தி, சிக்கிக்கொள்ளும்.

வெர்ன் ஹாகனின் துப்பாக்கியில் என்ன கோளாறு என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். துப்பாக்கியில் ஒன்றுமில்லை, ஷெரீப். அவன் அதை நன்றாகவே வைத்திருந்தான்.

மர அறுப்பு ஆலையில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்து வெர்னுக்குத் தோட்டா நிரப்பித் தருவது நான்தான். அவனுக்குப் பொறுமை கிடையாது. என் மனைவி என்னை விட்டுப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவன் வீட்டில்தான். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மாட்டிறைச்சியை அறுத்துக்கொண்டே சொன்னான்.

"ஆர்லோ, வீட்டை விலை பேசியாச்சுடா. அரிசோனாவுக்குப் போறோம். பனியை அள்ளி அள்ளி என் இடுப்பே போச்சு."

"அங்க போய் எதைச் சுடுவ? பல்லியையா?"

"சுடுறேன். தோட்டா மட்டும் நீ அனுப்பிடு."

அவன் மனைவி மார்லிஸ் சிரித்தாள். "நீங்களும் வந்துருங்க ஆர்லோ. இவரோட சண்டை போட ஆள் வேணும்ல." சொன்ன கையோடு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் என்ன சொல்வேன் என்று கேட்க நிற்கவில்லை.

எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

என்னிடம் இரண்டு முளைகள் உண்டு. வேட்டைத் தோட்டாவுக்குச் சிறியது, மைதானத்துக்குப் பெரியது. அவன் ஊரை விட்டுப் போகுமுன் போன அந்தக் கடைசி வேட்டைக்கு வெர்னின் உறைகளுக்குப் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். கைதவறி அல்ல. அவன் ஒரே குண்டில் எதையும் வீழ்த்தியதில்லை. இரண்டாவது சிக்கும், மான் தப்பிக்கும், அவன் வாய்க்கு வந்தபடி திட்டுவான், அடுத்த வருடம் அதை அடிக்காமல் விடுவதில்லை என்று இந்த மொண்டானாவுக்கே திரும்பி வருவான். நான் நினைத்தது அவ்வளவுதான். சிநேகிதன் திரும்பி வர வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு இருக்கிறது?

ஆனால் அந்த எல்க் மான் ஒரே குண்டில் விழுந்தது.

"பாத்தியாடா! பாத்தியா!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான், சொல்ல மனம் வரவில்லை. இறைச்சியைக் கூறு போட்டு, பாதியைச் சுமந்து வண்டியில் வைத்துவிட்டு, மீதிக்காகத் திரும்பி நடந்தோம். ஓடைக்கரைச் சேற்றில் கரடியின் தடம் கிடந்தது. நகங்கள் நீளமாகப் பதிந்திருந்தன, குழியில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வெர்ன் பின்னால் பேசிக்கொண்டே வந்தான், அரிசோனாவில் அவன் மகள் பார்த்து வைத்திருக்கும் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறதாம். நான் தடத்தின் மேல் பூட்ஸை வைத்து அழுத்தினேன்.

"எனக்கு முட்டி வலிக்குது. நீ போய் எடுத்துட்டு வா. நான் அந்த மேட்டுல உக்காந்திருக்கேன்."

"கிழவா, அரிசோனா வெயில் உன் முட்டிக்குத்தான்டா தேவை," என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

கரடி புதருக்குள்ளிருந்து வந்தது. வெர்ன் ஓடவில்லை, முறையாகத்தான் செய்தான். துப்பாக்கியை எடுத்து, அடுத்த தோட்டாவை ஏற்ற அதன் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினான். பாதியில் நின்றுவிட்டது. திரும்ப இழுத்தான், திரும்பத் தள்ளினான். அந்தச் சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. இப்போதும் கேட்கிறது. குழாயைத் திறக்கும்போது கேட்கிறது. மார்லிஸ் அடுப்புக் கதவை மூடும்போது கேட்கிறது. ஆமாம், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறேன். அவள் வீட்டை விற்கவில்லை. அவரை இங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது என்கிறாள். போன வாரம் கேட்டாள், "கடைசியா ஏதாவது சொன்னாரா ஆர்லோ?" இல்லை என்றேன்.

மரங்கள் மறைத்தன என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சரிவு காட்டுத்தீயில் எரிந்து மொட்டையாகக் கிடக்கிறது. என் துப்பாக்கி முழங்கால் மேல்தான் இருந்தது. அதிலிருந்த தோட்டாக்கள் சிறிய முளையில் செய்தவை. வானத்தைப் பார்த்துச் சுட்டிருந்தாலே கரடி ஓடியிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு அப்படித்தான் சுட்டேன், அப்படித்தான் ஓடியது.

தொலைநோக்கியில் அவன் முகம் பக்கத்தில் தெரிந்தது. என்னைத்தான் பார்த்தான். பயமே இல்லை, நான் சுட்டுவிடுவேன் என்ற நம்பிக்கைதான். "ஆர்லோ, சுடுடா," என்றான். நான் காத்திருந்தேன். அரிசோனாவுக்குப் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுட்டிருப்பேன். கடைசி வரைக்கும் அவன் அதைச் சொல்லவில்லை.