பச்சை டிக் போட்ட பதினான்கு பேட்டரிகள்

மேடைக்கு மாண்பு சேர்க்கும் தலைவர் சபாபதி அவர்களே, மஞ்சக்குப்பம் மைதானத்தை நிறைத்திருக்கும் மெக்கானிக் மக்களே, துறைமுகத்துப் படகுக்காரர்களே, பந்தலோரம் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம்! தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கும் அவசரம்தான் ஐயா. விடிந்தால் படகுகள் கிளம்பிவிடும்!

சிதம்பரம் முதல் வடலூர் வரை இந்த உத்திராபதி கை படாத பேட்டரி உண்டா? முப்பது ஆண்டு! மீட்டரை வைப்பேன், பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட் வந்தால் பச்சைச் சுண்ணக்கட்டியால் ஒரு டிக். அந்த டிக்கை நம்பிப் பெண்ணே கொடுப்பார்கள்!

அந்த டிக்கை நம்பித்தான் போன வாரம் கடலுக்குப் போனார் லூர்துசாமி. எஞ்சினை நிறுத்தினார், வலையை இழுத்தார், மறுபடி சாவியைத் திருப்பினார். டக்! அதோடு சரி. அலையோ நாலு பனை உயரம்...

"அன்னிக்கி காத்தே இல்ல மச்சான்!"

சரி, ரெண்டு பனை. உட்காரு லூர்து. ஆறு மணி நேரம் நீ மிதந்தது பொய்யா? உன் மனைவி சின்னம்மாள் கரையில் கதறியது பொய்யா?

திரும்பி வந்த பேட்டரியை அளந்தேன். அதே பன்னிரண்டு புள்ளி ஆறு! "பேட்டரி சிங்கம்யா, ஒன் ஸ்டார்ட்டர்தான் சீக்கு" என்று லூர்துவிடம் அடித்துச் சொன்னேன்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகள் சத்யப்பிரியா சிரித்தாள். "சும்மா கெடக்குறப்ப அளந்தா என்னா மாமா தெரியும்? லோடு போட்டு அளங்க." பெரிய விளக்குகளை மாட்டினாள். இருபது ஆம்பியர் ஓடியது. மீட்டர் சரிந்தது: பத்து புள்ளி ஆறு!

"ரெண்டு வோல்ட் எங்க மாமா போச்சு?"

எங்கே போயிற்று? கம்பியிலா? காற்றிலா? பேட்டரியின் வயிற்றுக்குள்ளேயே! இரண்டை இருபதால் வகுத்தாள். உள்தடை, பூஜ்யம் புள்ளி ஒன்று ஓம். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியர் கேட்டால் பத்து வோல்ட்டை உள்ளேயே தின்றுவிடுமாம். மிச்சத்தில் எந்த எஞ்சின் எழும்? பாயில் படுத்தவனைப் பார்த்துப் பயில்வான் என்றவன் நான். மூட்டையைத் தூக்கச் சொன்னவள் அவள்!

'பேட்டரி வேந்தர்' என்று பொன்னாடை போர்த்தினீர்கள். இதோ, லூர்துசாமியின் பேட்டரியை மேடைக்கே கொண்டுவந்திருக்கிறேன். அதன் பச்சை டிக்கை இந்தப் பொன்னாடையாலேயே துடைக்கிறேன். பாருங்கள்! பார்த்தீர்களா? இன்னும் பதினான்கு டிக், பதினான்கு படகில் இருக்கின்றன. பதினான்கு சின்னம்மாள்கள் கரையில் நிற்க வேண்டுமா?

சத்யப்பிரியா விளக்குகளோடு வண்டியில் ஏறிவிட்டாள். பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு என் நன்றி. படகுக்காரர்கள் யாரும் கை தட்ட வேண்டாம். அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், பின்னாலேயே வருகிறேன். வணக்கம்!