என் கையில் கொடுத்த ஃபியூஸ்

பழைய வீடு வாங்குகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், மாடி ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஒயரிங்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். சாவி கைக்கு வந்த மூன்றாம் நாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டேன். இதை நீங்கள் முதலில் எழுதிக்கொண்டால் நல்லது. நான் அலட்சியமானவள் இல்லை.

வீட்டை வாங்கியது நானும் என் தங்கையும். பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கிறது. அவள் என்னைவிடப் பதினாலு வயது சின்னவள். அப்பா முதலிலேயே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, பயந்தால் பக்கத்தில் படுக்க வைத்து வளர்த்தது நான்தான். எனக்கும் இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்தது. இரண்டு முறையும், "தங்கச்சியை என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன். வருத்தமெல்லாம் கிடையாது.

அவளுக்குப் பதினைந்து வயதில் மஞ்சள் காமாலை வந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் "அக்கா." ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றால் "அக்கா." சும்மா, நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கும் ஒரு "அக்கா." நான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், அந்த நாலு மாதமும் மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்புவேன். என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோய் வரட்டும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

எலக்ட்ரீஷியன் பென்சிலைப் பல்லில் கவ்விக்கொண்டே பேசுகிற மனிதர். பாதிப் பேச்சு பென்சிலுக்குத்தான் புரியும் என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள். அவர் ஹாலில் ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறந்ததும் ஒயரின் மேல்தோல் பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது.

"யாரு செஞ்ச வேலைம்மா இது? இங்க இருந்தவங்க மேல இரக்கப்பட்டுக் கரண்ட்டு இத்தனை நாள் சும்மா இருந்திருக்கு," என்றார்.

நாலு நாள் வேலை செய்தார். பழைய ஒயரை உருவிப் புதியது இழுத்தார். மாடிப்படிக்குக் கீழே புது போர்டு வைத்தார். எங்காவது மின்சாரம் கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் தானே விழுந்துவிடுகிற சுவிட்ச் ஒன்று அதில் உண்டு. பட்டனை அமுக்கி அதை விழவைத்துக் காட்டினார். தங்கை இன்னொரு முறை காட்டச் சொன்னாள். வேலை சுத்தமான வேலை. அதில் எனக்குக் குறையே இல்லை.

சனிக்கிழமை மாலை அவர் கிளம்பும்போது தங்கை வீட்டில் இல்லை. என்னைப் பழைய போர்டு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். குளியலறைக்குப் போகிற லைன் மட்டும் இன்னும் அதில்தான் இருந்தது.

"இதை மட்டும் இன்னும் புது போர்டுல சேர்க்கலைம்மா. எர்த்தும் கிடையாது. ஹீட்டருக்குள்ள காயில் வேற வெடிச்சிருக்கு. தண்ணியிலயே கரண்ட் வரும். திங்கக்கிழமை வந்து ஹீட்டரைக் கழட்டிடறேன். அதுவரைக்கும் இது உங்க கையில இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஏதாவது ஆனா ஃபியூஸ் போயிடுமே?" என்று கேட்டேன்.

"ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்தாது."

எனக்கு அது தெரியும். இருபத்தாறு வருடம் ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான். பேச்சுக்குக் கேட்டேன்.

தங்கை கொஞ்ச நேரத்தில் வந்தாள். கூட உயரக்காரர் வந்தார். அவருக்கு நான் வைத்த பெயர் அது. நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டு நிலைவாசலில் எப்போதும் தலையை இடித்துக்கொள்வார். அவளோடு வேலை பார்க்கிறவர். நல்லவர்தான். தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் பதிவுத் திருமணம், அதற்கடுத்த வாரம் இருவரும் கிளம்புகிறார்கள். வீட்டுப் பத்திரம் முடிகிற வரை சொல்ல வேண்டாம் என்று இருந்தாளாம். எனக்கென்று ஒரு வீடு அமைந்துவிட்டால் நிம்மதியாகக் கிளம்பலாம் என்று நினைத்தாளாம்.

"நீ தனியா இருக்கேன்னு நினைக்காதே. மாடியில யாராவது நல்ல குடும்பமா குடிவைக்கலாம். உனக்கும் பேச்சுத் துணை."

முந்தாநாள்தான் மாடி அறைக்கு எந்த நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டிருந்தேன். உன் இஷ்டம் என்றாள். இப்போதுதான் புரிந்தது.

"நல்ல விஷயம். சாப்பிட்டியா?" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உயரக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. யாராவது ஒருவர் பாத்திரம் கழுவ வேண்டும் இல்லையா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததாக நான் முன்பு சொன்னது உங்கள் ஃபைலில் இருக்கும். எலக்ட்ரீஷியன் குளியலறை வேலையும் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது சரியில்லை. திருத்திக்கொள்ளுங்கள்.

ஃபியூஸை நான்தான் மறுபடி மாட்டினேன். ஒரு சின்ன அதிர்ச்சி, அவ்வளவுதான் என் கணக்கு. கை உதறும், பயந்துபோவாள், ஒரு வாரம் பத்து நாள் படுத்திருப்பாள். நான் பார்த்துக்கொள்வேன். பயணம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் யோசிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடவில்லை. ஹீட்டரைப் போட்டு, ரப்பர் செருப்போடு நின்று, காய்ந்த புறங்கையால் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இவ்வளவுதானே என்று தோன்றியது. அவள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பாள் என்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அந்த நேரத்தில் அதை நான் நினைக்கவில்லை.

ஹீட்டரை அணைத்துவிட்டு வந்து, போர்டின் மூடியை மூடிக்கொண்டிருந்தபோது அவள் துண்டோடு வந்தாள்.

"என்னக்கா பண்றே?"

"மூடி சரியா மூடலை."

"ஹீட்டர் போடலாமா? அதுல ஏதோ வேலை பாக்கின்னு சொல்லிட்டிருந்தாரே."

"நேத்தே முடிச்சிட்டார். போடலாம்."

அவள் உள்ளே போய்த் தாழ் போட்டாள். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் சூடாகிற வரை ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். பிறகு குழாயைத் திறக்கிற சத்தம். பிறகு விழுகிற சத்தம்.

உடனே மெயினை அணைத்திருக்க வேண்டும். மெயின் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் சின்ன அதிர்ச்சியாக இருந்தால் அவள் "அக்கா" என்று கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று டாக்டரும் கேட்டார், நீங்களும் கேட்கிறீர்கள். நான் கடிகாரம் பார்க்கவில்லை. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டதும்தான் எழுந்தேன். வாளி பெரிய வாளி.

மெயினை அணைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உடைத்தார். ஆஸ்பத்திரியில் மூச்சைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மற்றது எதுவும் திரும்பவில்லை. எழுந்து நடக்க முடியாது, பேச்சு கிடையாது. வலது கையில் ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேட்கிறது.

எலக்ட்ரீஷியனை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்த அன்று நானும் இதே அறையில் இருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "அம்மா, பிடுங்கி உங்க கையிலதானே குடுத்தேன்?" என்று கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லையே," என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "குடுத்தேன்னுதான் நினைச்சேன்," என்றார் மெதுவாக. என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டார். ஐந்து மாதமாக உள்ளே இருக்கிறார். அவர் கொடுத்தார். வெளியே வந்தாலும் இனிமேல் ஒரு வேலையை முடித்துவிட்டோம் என்று அவரால் நம்ப முடியுமா தெரியாது. அதனால்தான் இன்று வந்தேன். அவரை அனுப்பிவிடுங்கள்.

உயரக்காரர் வெளிநாட்டுக்குப் போகவில்லை. வாராவாரம் வந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வந்தால் அவள் கண்ணில் தண்ணீர் வருகிறது. களைப்பாக இருக்கும். அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவேன்.

மற்ற நேரமெல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். தலை வாரிவிடுகிறேன். முதுகு புண்ணாகாமல் திருப்பிப் படுக்க வைக்கிறேன். டாக்டர் போன முறை பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு எல்லாம் புரியுதும்மா, ஞாபகமும் இருக்கு," என்றார். டாக்டர்கள் ஆறுதலுக்கு அப்படிச் சொல்வது வழக்கம்.

போன வாரம் பயிற்சி கொடுக்க வருகிற பெண், பள்ளிகளில் சுவரில் மாட்டுகிற பெரிய எழுத்து அட்டையைக் கொண்டுவந்து படுக்கையில் விரித்தாள். "அக்காகிட்ட ஏதாவது சொல்லணுமா? விரலை வச்சுக் காட்டு," என்றாள். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ரொம்ப நேரம் எடுத்து, விரலை நகர்த்திக்கொண்டுபோய் ஓர் எழுத்தில் வைத்தாள். "போ."

மறுநாளும் அதே எழுத்து. அதற்கடுத்த நாளும். பயிற்சிப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் அட்டையைச் சுருட்டப் பார்த்தாள். சின்னப் பெண், அனுபவம் போதாது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஐந்து மாதமாக ஒரே அறையில் கிடக்கிறவளுக்கு வெளியே போக வேண்டும் என்று இருக்காதா? சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, அட்டையை மடியில் போட்டு, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கே நிறுத்தி, போதுமா என்று கேட்டேன். மறுபடியும் அதே எழுத்தில் விரலை வைத்தாள்.

இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிப்போகச் சொல்கிறாள். என்னை விட்டால் அவள் வேறு யாரிடம் கேட்பாள்?