வெள்ளிக்கிழமை வரைக்கும் ஐசியூ

அலோ... அலோ, ஜுபைரு? நான்தான்பா, உன் மச்சான் அத்தாவுல்லா... ஆமா, ஆமா, ஐசியூல இருந்துதான். இங்க கூட்ற அக்கா அது போன குடுத்துச்சு, மெதுவாத்தான் பேசணும்... ஆங், நல்லாத்தான் கீறேன். அதான் பேஜாரே.

வலி கிலி ஒண்ணியும் இல்லபா. ஸ்டென்ட் வெச்சு நாலு நாள் ஆவுது. காலைல அஞ்சு இட்லி துன்னேன். எழுந்து நாலு எட்டு நடக்கறேன்னா உட மாட்றாங்க... கேளு, கேளு. விம்கோ நகர் தேசப்பன் இல்ல, எண்ணூர் ரூட்ல என்கூட டிரெய்லர் ஓட்றவன்... அவனேதான். அவனுக்கும் போன வாரம் இதே அட்டாக், இதே ஸ்டென்ட். கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஒரே நாள் ஐசியூ, அப்பால சாதா வார்டு. இப்ப வூட்ல குந்திகினு டிவி பாக்கறான். இங்க இன்னாடான்னா நெஞ்ச புடிச்சிகினு வந்தாலே நேரா ஐசியூ. எதிர் பெட்டு ஆளுக்கு வெறும் வாயுவாம்...

சிரிக்காத. காலைல பக்கத்து பெட்டுக்காரர் மவுத்தாயிட்டாரு. திரைய இழுத்து உட்டுட்டு போய்ட்டாங்க. கண்ண மூடவே எனக்கு பயமா கீது ஜுபைரு. நீ டாக்டராண்ட பேசி என்ன வார்டுக்கு மாத்து...

இன்னாது? நேத்தே மாத்தறேன்னாரா? அப்பால?... யாரு வேணாம்னது?... சபீஹாவா? என் பொண்டாட்டியா?

சரி... சரி, சொல்லு... நம்ம பொண்ணு நவ்ரீனுக்கு மாமனாரா வரப்போற பஷீர் பாய் வெள்ளிக்கிழமைதான் வராரு, ஆமா. வார்டுல வந்து பாக்கட்டுமே... கௌரவமா? இதுல இன்னாபா கௌரவம்?... ஓ, அவரு அட்டாக்குக்கு எட்டு நாள் ஐசியூல படுத்தாரா. நான் நாலு நாள்ல வெளிய வந்துட்டா, பொண்ணோட அப்பனுக்கு வந்தது சாதா அட்டாக்குன்னு அவங்க வூட்ல பேசிடுவாங்களா?

டேய், சாதாவா வந்ததுக்கு அல்லாவுக்கு நன்றி சொல்றத உட்டுட்டு... இதுவரைக்கும் எத்தினி பேர இட்டுனு வந்து கண்ணாடி வழியா காட்டினா அவ? நான் இன்னா மியூசியத்து பொம்மையா? போன அவளாண்ட குடு... தொழுதுகினு கீறாளா? தொழுகையும் வாணாம், ஒண்ணியும் வாணாம், நீ குடுன்றேன்...

இரு, இரு... இன்னா சிஸ்டர்?... மிஷினு கத்துதா? அது நான் கத்தினதுனால சிஸ்டர். மச்சான்கூட சும்மா பேசிகினு... பிபி அவ்ளோவா?... இன்னும் மூணு நாள் இங்கியேவா?

ஜுபைரு, உன் அக்காவாண்ட சொல்லு. சம்பந்திக்கு வெள்ளிக்கிழமை தோதுப்படலன்னா பரவால்ல, நிதானமா வரச் சொ...